அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் பிலோமினா

செய்தி வந்தபோது நான் வானகரம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள் செருகியிருந்த போனில் பிலோமினாவின் கணவர் அருள்தாஸின் குரல் ஒரே ஒரு வாக்கியம் சொன்னது. "சார், பிலோ போய்ட்ச்சி சார்." பச்சை விழுந்தது. நான் வண்டியை ஓரம் கட்டினேன். லாரிக்காரர் என்னைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டித் திட்டிவிட்டுப் போனார். எனக்குக் கோபமே வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு வார்ப்படக் கூடத்துக்கும் அட்டைப்பெட்டி அச்சகத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் பிலோமினா பதினாலு வருடம் வேலை பார்த்தார். புதிய மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும்போது வரும் எண்களைக் கணக்கிட்டு அட்டவணைகளாக்கித் தருவது எங்கள் தொழில். பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஒரே மின்விசிறிக்குச் சண்டை போட்டு, ஒரே டீக்கடையில் நின்றவர்கள் நாங்கள் இருவரும். நான் கோவில்பட்டிக்காரன். வேலைக்காக இங்கே வந்து வானகரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியேறியவன். அவரோ பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாமே இந்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்குள்தான். முப்பதாம் நாள் திருப்பலிக்காக நண்பர்கள் கொண்டுவரும் இந்தச் சிறு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். வழக்கமான பாராட்டாக இதை எழுத என்னால் முடியாது. காரணம் இருக்கிறது.

அடக்கத்தன்று காட்டுப்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அருள்தாஸ் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவர் தொழிற்பேட்டையில் சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்திருப்பவர். சுற்றி நின்ற சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டி, "இவருதான் முருகேசன் சார். மருந்து கணக்குல அந்தப் பெரிய தப்பைக் கண்டுபுடிச்சவரு. பிலோ எப்பவும் இவர் பேரைத்தான் சொல்லிகினு கெடக்கும்" என்றார். எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். பெட்டிக்குள் பிலோமினா வெள்ளைப் பட்டில் படுத்திருந்தார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தப்பைக் கண்டுபிடித்தவர் அவர். அதை மறைக்கப் பார்த்தவன் நான். அன்று அந்த இடத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். புள்ளியியலில் முதுகலை, அதுவும் முதல் வகுப்பு. ஆனால் வாயைத் திறந்தால் சுத்த மெட்ராஸ். எங்கள் மேலாளர் ஒரு தடவை பக்குவமாக, "வெளியாட்கள் வரும்போது கொஞ்சம் பார்த்துப் பேசுங்க" என்று சொல்லிப்பார்த்தார். "கணக்கு தப்பா கீதா சார்?" என்று கேட்டார் பிலோமினா. இல்லை என்றார் மேலாளர். "அப்ப பேச்சு எப்டி இருந்தா இன்னா?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. என் தெற்கத்தித் தமிழை அவர் விட்டுவைத்ததும் இல்லை. நான் "சொல்லுதேன்" என்றால் அடுத்த அரைமணி நேரம் "சொல்லுதீயளோ, செய்யுதீயளோ" என்று என்னிடமே பாடிக்காட்டுவார். நானும் சும்மா இருப்பவன் இல்லை. ஆனால் ஒரு தடவைகூட நான் ஜெயித்ததாக நினைவில்லை.

அவருடைய பெரிய கெட்டிக்காரத்தனம் எது என்று கேட்டால், உள்ளே போய்ப் பார்ப்பது. நாங்கள் பயன்படுத்தும் புள்ளியியல் மென்பொருளில் ஒவ்வொரு வகைக் கணக்குக்கும் ஒரு பேக்கேஜ் உண்டு. மேலே நாம் தொடுவது இன்றைய மொழி. உள்ளே உட்கார்ந்து நிஜமாகக் கணக்குப் போடுவது பல நேரங்களில் ஃபோர்ட்ரான் என்ற பழைய மொழி. அது கம்பைல் ஆகி, கண்ணால் படிக்க முடியாத வடிவத்தில் நம்மிடம் வந்து சேரும். வேண்டுமென்றால் மூல வரிகளைத் தனியாக இறக்கிப் படிக்கலாம். யாரும் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை. எண் வருகிறதா, வருகிறது, அட்டவணையில் போடு என்பதுதான் எங்கள் வழக்கம். ஒருமுறை வெளியூரிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவர், ஃபோர்ட்ரான் எல்லாம் தாத்தா காலத்துச் சரக்கு, அதைப் போய் எதற்கு நோண்டுகிறீர்கள் என்று சிரித்தார். பிலோமினா எழுந்து நின்று, "உங்க ஊட்ல தண்ணி பைப்பு எந்த வருசம் போட்டது சார்?" என்றார். தெரியாது என்றார் அவர். "பழசாதான் இருக்கும். தண்ணில மண்ணு வந்தா தோண்டிப் பாப்பீங்களா, இல்ல தாத்தா காலத்துதுன்னு சொல்லிகினு மண்ணோட குடிப்பீங்களா?" பயிற்சிக்காரர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

இன்னொரு பழக்கம். எல்லா அறிக்கையிலும் முதலில் மருந்தின் பலனைச் சொல்லும் அட்டவணைகள் வரும். பக்க விளைவுகள் கடைசியில் வரும். நாங்கள் எல்லோரும் முதல் அட்டவணையில் தொடங்கி வரிசையாகக் கணக்கை ஓட்டுவோம். பிலோமினா மட்டும் பக்க விளைவுகளை முதலில் ஓட்டுவார். ஏன் என்று கேட்டதற்கு, "முதல்ல யாருக்கு அடிபட்டுச்சுன்னு சொல்லு. யாருக்கு நல்லாச்சுன்னு அப்பால பேசலாம்" என்றார். இது வீம்பு என்றே நான் நினைத்தேன். வெளியிலும் சொன்னேன்.

இந்த வீம்புதான் அந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்தது. எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே அறிக்கையை இரண்டு பேர், ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல், தனித்தனியாகக் கணக்கிடவேண்டும். இரண்டும் பொருந்தினால் இருவரும் கையெழுத்துப் போடுவோம். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு முதுகுவலி மருந்தின் அறிக்கைக்கு நானும் பிலோமினாவும் இப்படி ஜோடி சேர்ந்தோம். அந்தக் கணக்குக்கான பேக்கேஜை எங்கள் அலுவலகம் அதற்கு முந்தைய ஆண்டில்தான் எடுத்திருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் பாதி அட்டவணைகள் பொருந்தவில்லை. பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாவது தசமத்தில், சிலதில் இரண்டாவதில்.

வித்தியாசம் வந்தால் என்ன செய்வோம் என்றால், மென்பொருளை மூடித் திறந்து, பொருந்தாத அட்டவணையை மட்டும் புதிதாக ஓட்டிப் பார்ப்போம். எல்லா அலுவலகத்திலும் செய்வதுதான். அவர் மூடித் திறந்தார், நானும் மூடித் திறந்தேன். பதினாலாம் அட்டவணை இப்போது அச்சாகப் பொருந்தியது. அப்பாடா என்று, "மறுமுறை ஓட்டியதில் பொருந்தியது" என்று பதிவேட்டில் எழுதி முடித்துவைத்தேன். பிலோமினா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நைனா, காலைல உன்கிட்ட ஒரு நம்பர் இருந்துச்சு. என்கிட்ட ஒரு நம்பர் இருந்துச்சு. இப்ப வந்துகீறது ரெண்டும் இல்ல. மூணாவது நம்பர்."

"பொருந்திட்டுல்லா. பிறகு என்ன?"

"ரெண்டு பேரும் தப்புன்னு ஆவுது. அது உனக்கு ஒண்ணும் தோணலியா?"

எனக்குத் தோன்றியது எரிச்சல்தான். அறிக்கை அனுப்ப நான்கு நாள் இருந்தது. சர்வரில் ஏதோ கோளாறு, விடுங்கள் என்றேன். விடமாட்டேன் என்றார். நான் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பிலோமினா அட்டவணைகளை முறைப்படியான வரிசையில் ஓட்டாததால்தான் இந்தக் குழப்பம், அவர் பக்கத்துக் கவனக்குறைவு என்று. அவருக்கும் ஒரு நகல் போட்டேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. அவர் அதைப் படித்துவிட்டு, "கரீட்டு. வரிசைதான் காரணம். வரிசைய மாத்துனா கணக்கு ஏன் மாறுதுன்னு பாத்துட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார். கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு அது இன்னும் கடுப்பாக இருந்தது.

அடுத்த நாள் அவர் பத்து நோயாளிகள் மட்டும் உள்ள ஒரு சின்னத் தரவை உண்டாக்கினார். மென்பொருளை ஒரு முறை திறந்து, மூடாமலே, ஒரே கணக்கைப் பத்துத் தடவை ஓட்டினார். பத்து விடைகள் வந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் சின்னது. எங்கள் தொழிலில் அந்த எண் சின்னதாக ஆக மருந்து பலன் தந்தது என்ற பேச்சுக்கு வலு கூடும். "ஒரே கேள்வியத் திருப்பித் திருப்பிக் கேட்டா, இதும் நம்மள சந்தோசப்படுத்திகினே போவுது" என்றார். மூடித் திறந்தால் மட்டும் சரியாக வருகிறது, இரண்டாம் தடவையிலிருந்து கெடுகிறது. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. மூல வரிகளை இறக்கி நான்காயிரம் வரியைத் தாளில் அச்செடுத்து, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தார்.

விடை கிடைத்தது அவர் வீட்டுச் சமையலறையில். மறுநாள் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். தோசை ஊற்றிக்கொண்டே அருள்தாஸிடம் இதைப் புலம்பியிருக்கிறார். முதல் தடவை சரியாக வருகிறது, அடுத்ததிலிருந்து தப்பாக வருகிறது என்று. அருள்தாஸ் தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "முன்ன ஓட்டின வேலையோட செட்டிங்கு மெசின்ல அப்டியே கீது. ஜீரோ பண்ணாம அடுத்த பீஸை ஏத்திக்கீறாங்க" என்றாராம். "இன்னா நைனா, நாம ரெண்டு பேரும் எம்எஸ்சி. எங்க ஊட்டுக்காரரு எட்டாங்கிளாஸ். தோச துன்னுகினே சொல்லிட்டாரு" என்று பிலோமினா சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அன்று பகல் முழுவதும் அவர் ஃபோர்ட்ரான் வரிகளுக்கு நடுநடுவே எண்களை அச்சிடச் சொல்லும் கட்டளைகளைச் செருகி, கம்பைல் செய்து, ஓட்டி, பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் ஒரே ஒரு வரியில் போய் நின்றார். இரண்டு நோயாளிகள் வலிக்கு ஒரே மதிப்பெண் சொல்லிவிட்டால், அதற்காகக் கணக்கில் ஒரு சின்னத் திருத்தம் செய்யவேண்டும். அந்தத் திருத்தத்தைக் கூட்டிச் சேர்க்கும் இடம் அது. அந்த இடத்துக்குப் பெயர் சூட்டும் வரியிலேயே பூஜ்யம் என்று எழுதிவைத்திருந்தார்கள். பார்க்கிற எவரும், ஒவ்வொரு கணக்கின் தொடக்கத்திலும் அது பூஜ்யமாகிவிடும் என்றே நினைப்பார்கள். வேறு பல மொழிகளில் அப்படித்தான் ஆகும். ஃபோர்ட்ரானில் அப்படி எழுதினால் முதல் தடவை மட்டும்தான் பூஜ்யம். அதற்குப் பிறகு, மூடும்வரை, பழைய கூட்டல் அங்கேயே தங்கியிருக்கும். ஒரு அட்டவணையின் மிச்சம் அடுத்த அட்டவணைக்குள் போய், அதன் மிச்சம் அதற்கடுத்ததற்குள் போய், எல்லாமே மருந்துக்குச் சாதகமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் கட்டுப்பாடும் இதைப் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வரிசையில் ஓட்டினால் இரண்டு பேருக்கும் ஒரே தப்பு வரும், அழகாகப் பொருந்தும், கையெழுத்துப் போடுவோம். சந்தேகம் வந்து சோதித்தால் மூடித் திறப்போம், சரியான விடை வந்துவிடும். வரிசை மாற்றி ஓட்டுகிற ஒருத்தர் வந்து உட்காரும்வரை அது வெளியே வர வழியே இல்லை.

இதுவரை எனக்கு வெட்கம் மட்டும்தான். பயம் வந்தது அன்று சாயங்காலம், அந்த வெள்ளிக்கிழமை. பிலோமினா இரண்டு தாள்களை என் மேசையில் வைத்தார். அதற்கு எட்டு மாதம் முன்பு இதே பேக்கேஜை வைத்து ஒரு மூட்டுவலி மாத்திரையின் அறிக்கை போயிருந்தது. அப்போது பிலோமினா வேறு வேலையில் இருந்தார். நானும், பிறகு வெளிநாடு போய்விட்ட இன்னொருவரும் ஜோடி. இருவரும் ஒழுங்காக, வரிசையாக ஓட்டிக் கையெழுத்துப் போட்டோம். மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுப்பதைவிட அதிக அளவில் கொடுத்தால் வலி நன்றாகக் குறைகிறது என்பது எங்கள் முடிவு. பிலோமினா அதைத் திருத்தி மறுபடி ஓட்டியிருந்தார். இரண்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதிக அளவு சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப் புண் கூடுதலாக வந்திருந்தது.

"அடுத்த கட்டத்துல எந்த அளவு குடுக்கப்போறாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும். அதிக அளவு. எங்கள் அறிக்கையை நம்பி. ஆட்களைச் சேர்க்கும் வேலை தொடங்கப்போகிறது என்று கடிதம் வந்திருந்தது.

நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "பழசு பிலோ. முடிஞ்சு போன விஷயம். இப்ப உள்ள அறிக்கையை மட்டும் சரி பண்ணி அனுப்பிருவோம். பழச யாரு கேக்கப்போறா?" என்றேன். எனக்கு அந்த மாதம்தான் பதவி உயர்வு பேசிக்கொண்டிருந்தார்கள். என் மின்னஞ்சல் வேறு இருந்தது. கவனக்குறைவு என்று நான் அவரைப் போட்டுக்கொடுத்த மின்னஞ்சல். அவர் அதை எடுத்துக் காட்டியிருந்தால் அன்றே என் கதை முடிந்திருக்கும்.

பிலோமினா சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. "திங்கக்கெழம பத்து மணிக்கு மீட்டிங் கீது. நீயே சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன், அதுல டவுட்டே இல்ல. அந்த மாத்திரைய முழுங்கப்போறவனுக்கு உன்னையும் தெர்யாது, என்னையும் தெர்யாது. ஆனா நீயா சொன்னா நல்லா இருக்கும் முருகேசு." அதுவரை என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது குறைவு. பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார்.

சனிக்கிழமை முழுவதும் நான் வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அவர் மேல் அவ்வளவு ஆத்திரம். பெரிய நியாயஸ்தி என்று என் மனைவியிடம் சொன்னேன். விஷயம் என்ன என்று மனைவி கேட்டபோது சொல்லவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில், பூசை முடிந்து வந்த பிலோமினா போன் செய்தார். அந்த பேக்கேஜைப் பராமரிப்பவருக்கு எழுதவேண்டிய கடிதத்தை எழுதி எனக்கு அனுப்பியிருப்பதாகவும், அதை என் பெயரில் நான் அனுப்பவேண்டும் என்றும் சொன்னார். பிழை எங்கே, ஏன் வருகிறது, எந்த வரியை எப்படி மாற்றவேண்டும், எல்லாம் அதில் இருந்தது.

"கண்டுபிடிச்சது நீங்க. என் பேருல எதுக்கு?"

"கண்டுபுடிச்சவன்னு ஒரு பேர் கையில இருந்தா, தப்புப் பண்ணவன்னு எழுந்து நிக்கசொல்ல கால் நடுங்காது. அனுப்பு."

எனக்கு அழுகை வந்தது. அவருக்குத் தெரியக்கூடாது என்று சட்டென்று வைத்துவிட்டேன். கடிதத்தை அனுப்பினேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எழுந்து நின்று சொன்னேன். பழைய அறிக்கை தப்பு, அதில் என் கையெழுத்து இருக்கிறது என்று. அன்றைக்கே மருந்து நிறுவனத்துக்குச் சொன்னோம். அடுத்த கட்டம் தொடங்கும் முன்பே நின்றது. பிறகு குறைந்த அளவில் தொடங்கியது. அதிக அளவு ஒருவருக்கும் கொடுக்கப்படவில்லை. என் நேர்மையைப் பாராட்டி அந்த நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை மேலாளர் எல்லோர் முன்னாலும் படித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பிலோமினாவும் தட்டினார், எல்லோரையும்விடச் சத்தமாக. "ட்ரீட்டு எங்க நைனா? ஓட்டேரிப் பக்கம் ஒரு பிரியாணி கட கீது" என்றார். அந்த பேக்கேஜின் அடுத்த பதிப்பில் பிழையைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்று என் பெயர் அச்சில் வந்தது. பதவி உயர்வும் வந்தது. நான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். சொல்லலாம், சொல்லலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். ஒரு தடவை டீக்கடையில் அவரிடமே பேச்செடுத்தேன். "உட்றா, அதுக்கு இன்னா இப்ப. மாத்திர நின்னுச்சா? நின்னுச்சு. டீ ஆறுது" என்றார்.

நோய் வந்த பிறகும் அவர் மாறவில்லை. மருத்துவமனையில் நான் பார்க்கப் போயிருந்தபோது, டாக்டர் புதிய ஊசியின் பலனை விளக்கத் தொடங்கினார். இவர் கையைக் காட்டி நிறுத்தி, பக்க விளைவை முதலில் சொல்லச் சொன்னார். எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், எத்தனை பேர் நடுவில் நின்றுவிட்டார்கள் என்று இவர் கேட்கக் கேட்க, அந்த டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். போகும்போது என்னிடம், "இவங்க என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று விசாரித்தார். நான் பெருமையாகச் சொன்னேன். அவருக்குப் பக்கத்து மேசைக்காரன் நான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

இதுவரை எழுதியதைப் போன ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். மலரில் வருவதற்கு முன்னால் அருள்தாஸ் படிக்கவேண்டும் என்று தோன்றியது. இனி வருவது அதன் பிறகு எழுதியது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். சமையலறையில் தோசை ஊற்றிய இடம் வந்தபோது கொஞ்சம் நிறுத்தினார். முடித்துவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப பிலோதான் கண்டுபுடிச்சதா?"

"ஆமா."

"நான் சொன்ன லேத்து கதைய உங்ககிட்ட சொன்னதா, நீங்க டக்குனு புடிச்சிட்டீங்கன்னுதான் சார் என்கிட்ட சொல்லுச்சு. நானும் ஊரெல்லாம் உங்க பேரச் சொல்லிகினு திரிஞ்சேன்."

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். கல்லூரியில் படிக்கும் மகள் ஜெனிஃபர் வந்தாள். "இத்த படி. உங்கம்மா பண்ணது" என்று தாளை அவளிடம் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்தாள். பிறகு அந்த வரியைக் காட்ட முடியுமா என்று கேட்டாள். மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். தப்பாக இருந்த பழைய வரி, அதன் கீழே, ஒவ்வொரு தடவையும் பூஜ்யமாக்கும் புதிய வரி. அருள்தாஸ் திரைக்குப் பக்கத்தில் வந்து விரலை வைத்தார். "இம்மாத்துண்டு தானா?" என்றார். ஆமாம், இவ்வளவுதான் என்றேன். அவர் முகத்தில் அழுகைக்கு நடுவில் ஒரு பெருமை வந்தது. அதைப் பார்க்க பிலோமினா இருந்திருக்கவேண்டும். நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடச் சொல்லி எழுதியிருப்பதையும், பராமரிப்பவர் ஒப்புக்கொண்டுவிட்டதையும் சொன்னேன். இனிமேல் உலகத்தில் யார் அந்த பேக்கேஜை இறக்கினாலும் பிலோமினா அருள்தாஸ், சென்னை என்று அதனோடு சேர்ந்து இறங்கும்.

கிளம்பும்போது அருள்தாஸ் வாசல்வரை வந்தார். நான் செருப்பை மாட்டி முடிக்கும்வரை நின்றார். பிறகு கேட்டார்.

"ஏன் சார், அது உயிரோட இருக்கசொல்லவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இதை அச்சில் விடுவதோடு நிறுத்தாமல், முப்பதாம் நாள் கூட்டத்தில் நானே எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கவேண்டும் என்றார். படிக்கிறேன் என்றேன்.

பிலோமினாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். வெள்ளிக்கிழமையே மேலாளர் அறைக்கதவைத் தட்டியிருக்கலாம். தட்டாமல், நான் யோக்கியனாவதற்கு அந்த இரண்டு நாளை எனக்குக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனவர் அவர். என் பக்கத்து மேசையில் அப்படி ஒரு மனுஷி உட்கார்ந்திருந்தார் என்பதைவிடப் பெரிய பெருமை எனக்குக் கிடையாது. அவர் கொடுத்தது இரண்டு நாள். நான் எடுத்துக்கொண்டது ஆறு வருடம்.